ரோமர் வகுப்புக்குப் போகலாமா? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மதிப்பீடு

இந்த வருஷம் லெந்து காலத்தில், யாழ்ப்பாணம் பிரதான வீதிப் பக்கமாக உள்ள ஒரு சேர்ச் மண்டபத்தில் செவ்வாய்ப் பின்னேரங்களில் ரோமர் நிருப வகுப்பு, அதாவது ரோமாபுரிச் சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதிய வேதாகமக் கடிதத்தைப் படிக்கிற வகுப்பு, நடந்தது. ஐந்தாம் அதிகாரத்தில் தொடங்கி எட்டில் முடித்தார்கள். நடத்தியவர் ஓய்வுபெற்ற மெதடிஸ்த போதகர். எந்தச் சபையாரும் வரலாம் என்று அறிவித்திருந்தபடியால் தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன், கத்தோலிக்கர், வீட்டுச் சபைக்காரர் என்று கலந்துதான் வந்தார்கள். கட்டணம் இல்லை. போட்டோக்கொப்பிச் செலவுக்கென்று 500 ரூபாய் வாங்கினார்கள், அதற்கும் துண்டு எழுதித் தந்தார்கள். மண்டபத்தின் பெயரையும் போதகரின் பெயரையும் இங்கே போடவில்லை. கீழே குறையும் சொல்லப்போகிறேன்; ஊர் சின்னது.

சுருக்கமாய்க் கேட்கிறவர்களுக்கு: போகலாம். பாவத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாக, அதே நேரம் ஆளைப் பயமுறுத்தாமல் கதைக்கிற வகுப்பு இங்கே கிடைப்பது அருமை. ஆனால் மனப்போராட்டத்தைப் பற்றி வகுப்பு எடுப்பது ஒரு வேலை, போராடுகிற ஆள் வாய்திறக்க இடம் கொடுப்பது இன்னொரு வேலை. முதலாவதை வடிவாய்ச் செய்தார்கள். இரண்டாவது தற்செயலாய் விறாந்தையில் நடந்தது.

நான் ஒரு சட்டத்தரணியின் அலுவலகத்தில் லிகிதர். அவர் நொத்தாரிசும் என்பதால் வழக்கைவிட உறுதி, அதாவது சட்டப் பத்திரம் எழுதுகிற வேலைதான் கூட. நன்கொடை உறுதி, ஈடு, அற்றோணித் தத்துவம், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காகப் பழைய உறுதி தேடுவது, இவைதான் என் நாள். ஆகவே ஏழாம் அதிகாரம் "நியாயப்பிரமாணத்தை அறிந்திருக்கிறவர்களுடனே பேசுகிறேன்" என்று, மோசேயின் சட்டம் தெரிந்தவர்களைப் பார்த்துத் தொடங்கியபோது கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். இன்னொரு சந்தோஷமும் இருந்தது. இந்த நிருபத்தைப் பவுல் சொல்லச் சொல்லக் கையால் எழுதியவர் தெர்தியு. பதினாறாம் அதிகாரத்தில் அவர் "எழுதின நான்" என்று தன் வாழ்த்தையும் ஒரு வரியில் ஏற்றிவிடுகிறார். ஐயாவின் கடிதத்துக்குள் தன் பெயரைப் போட எங்கள் தொழிலில் யாருக்குத் துணிவு வரும்?

போதகர் ஐயாவின் முறை எளிமையானது. முதலில் அன்றைய பகுதியை அவரே சத்தமாய் வாசிப்பார். வேதாகமத்தின் பழைய திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) ஒருமுறை, கத்தோலிக்கர் இருந்தபடியால் திருவிவிலியத்தில் இன்னொருமுறை. அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லமாட்டார். மைக் இல்லை. குரல் பெரிதுமில்லை, ஆனால் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர். விளக்கத்தைவிட அந்த வாசிப்புக்கே 500 ரூபாய் கொடுக்கலாம்.

எங்கள் பிரசங்க பீடங்களில் பாவம் என்றால் ஒரு பட்டியல் வந்துவிடும்: குடி, சூது, சினிமா, இப்போது கைத்தொலைபேசி. பட்டியல் கேட்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது, தன்னுடையது அதில் இல்லையென்றால் நிம்மதியாய் வீட்டுக்குப் போகலாம். ஐயா முதல் நாளே பட்டியலை ஒதுக்கி வைத்துவிட்டார். ஐந்தாம் அதிகாரம் முதல் ஏழு வரை பாவம் என்ன என்ன செய்கிறது என்று மட்டும் பென்சிலால் கோடு போடச் சொன்னார். போட்டுப் பார்த்தால் அது ஒரு ஆள் மாதிரியே நடமாடுகிறது. உலகத்துக்குள் பிரவேசிக்கிறது, ஆளுகை செய்கிறது, சம்பளம் கொடுக்கிறது, சமயம் பார்க்கிறது, வஞ்சிக்கிறது, கொல்லுகிறது, கடைசியில் உள்ளே வந்து குடியிருக்கிறது. செய்த குற்றங்களின் கூட்டுத்தொகையைப் பற்றிப் பவுல் இங்கே பேசவில்லை, மனிதனை ஆளுகிற ஒரு அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பது அந்தக் கோடுகளிலேயே தெரிந்துவிட்டது. நான் சிறுவயது முதல் ஞாயிறு பாடசாலையில் மனனம் செய்த வசனங்கள்தான். இப்படி வரிசையாய் நிறுத்திப் பார்த்ததில்லை.

ஏழாம் அதிகாரத்தின் முதல் ஆறு வசனங்களில் ஐயா கொஞ்சம் அவசரப்பட்டார். புருஷன் உயிரோடு இருக்கும்வரை மனைவி சட்டப்படி கட்டுப்பட்டவள், அவன் இறந்தால் விடுதலை என்று பவுல் ஒரு உதாரணம் சொல்கிறார். அதைப் பொருத்தும்போது, நியாயப்பிரமாணம் செத்தது என்று சொல்லவில்லை, "நீங்கள் செத்தீர்கள்" என்கிறார். உதாரணத்தில் செத்தது புருஷன், பொருத்தத்தில் செத்தது மனைவி. உறுதி எழுதுகிற எவனுக்கும் இது கண்ணில் குத்தும். நான் கேட்டேன். "மரணம் ஒன்று நடந்தால் கட்டு விடும், அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது" என்று ஐயா சொன்னார். சரியான பதில்தான். ஆனாலும் அதில் இன்னும் பத்து நிமிஷம் நின்றிருக்கலாம். நியாயப்பிரமாணம் ஒழிக்கப்பட்டதா, அதனுடனான எங்கள் உறவு மாறியதா என்ற கேள்விக்கு அங்கேதான் வாசல்.

அடுத்து ஏழாம் வசனம். "இச்சியாதிருப்பாயாக." பிறனுடையதற்கு ஆசைப்படாதே என்பது, பத்துக் கட்டளைகளில் கடைசி. பவுல் கொலையையோ களவையோ எடுக்காமல் இதைப்போய் எடுத்தது ஏன் என்று ஐயா கேட்டபோது மண்டபத்தில் பதில் இல்லை. எனக்குத் தெரிந்த பதில் அலுவலகத்துப் பதில். மற்ற ஒன்பதிலும் பலதுக்கு ஏதோ ஒரு சாட்சி கொண்டுவரலாம். பத்தாவதுக்குச் சாட்சியே இல்லை. எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தர் 1707ல் எழுத்தில் ஏற்றுவித்தார்கள், இன்றைக்கும் அதை வைத்துத்தான் காணி வழக்குப் பேசுகிறோம். பங்குக் காணியை விற்கப்போனால் பங்காளிக்கு முதலில் அறிவி என்று அது சொல்லும். பங்காளி வயிறெரியக் கூடாது என்று சொல்லாது. வயிற்றெரிச்சலுக்குப் பிராது எழுத முடியாது. சீனாய் மலைச் சட்டம் அந்த இடத்தில்தான் கைவைக்கிறது. சட்டத்தைப் பிசகாமல் கைக்கொண்டு, கை சுத்தமானவன் என்று நினைத்துக்கொண்டிருந்த பரிசேயனுக்கு இந்த ஒரு கட்டளை போதும்.

இதைப் பற்றி மண்டபத்துக்குள் நடந்த குழு உரையாடல் பெருந்தோல்வி. கதிரைகளை வட்டமாய்ப் போட்டு "உங்கள் வாழ்க்கையில் இந்த வசனம்" என்று கதைக்கச் சொன்னார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு ஓய்வுபெற்ற அதிபர், அவரிடம் படித்த ஒரு வங்கி உத்தியோகத்தர், அந்த உத்தியோகத்தரின் மாமியார், மாமியாரின் அயலில் இருக்கிற ஒரு அன்ரி, நான். யார் வாய்திறப்பது? "மனுஷன் பலவீனன்தானே" என்றார் அதிபர். "ஓம், காலம் கெட்டுப்போச்சு" என்றார் மாமியார். எல்லாரும் தலையாட்டினோம். யாழ்ப்பாணத்தில் ஒருவருடைய வீட்டுக் கதை மற்றவருக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்று காட்டக்கூடாது. இந்த ஒழுங்கை வைத்துக்கொண்டு ரோமர் ஏழாம் அதிகாரத்தை வட்டமாய் இருந்து பேச முடியாது. அடுத்த கிழமைகளில் வட்டம் தானாகவே குறுகி, கடைசியில் கைவிடப்பட்டது.

ஆனால் இடைவேளைத் தேத்தண்ணிக்கு விறாந்தைக்கு வந்தால் கதை வேறு. அங்கே நின்றுகொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வெளியே தெருவைப் பார்த்துக் கதைக்கலாம். ஏழாம் வசனம் படித்த அன்று வலிகாமம் பக்கத்துத் தோட்டக்கார ஐயா ஒருவர், பணிஸைத் தேத்தண்ணியில் தோய்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் தொடங்கினார். அவருடைய காணிக்கும் அயல் காணிக்கும் நடுவே பழைய கிளுவங்கதியால் வேலி. வளைந்து வளைந்து போகிற வேலி. அதில் ஒரு கறுத்தக்கொழும்பான் மாமரம். இரண்டு வீட்டுக்காரரும் பிடுங்குவார்கள், விழுந்ததைப் பிள்ளைகள் பொறுக்கும். மகளுக்கு நன்கொடை உறுதி எழுதுவதற்காகச் சேவயரைக் கூப்பிட்டு அளந்தார். பிளான் வந்தது, எல்லைக்கல் நட்டார்கள். மரம் இரண்டு முழம் அயலான் பக்கம்.

"அண்டைக்குப் பிறகு ஒரு பிஞ்சுகூட நான் தொட்டதில்லை" என்றார். "ஆனா முந்தி அந்த மரத்தில எத்தினை காய் எண்டு எனக்குத் தெரியாது. இப்ப எண்ணிப்போட்டுத்தான் படுக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கல்லு நடுமட்டும் அது மரம். கல்லு நட்டாப் பிறகு அது அவன்ர மரம். அதுக்குப் பிறகுதான் எனக்கு வேணும் வேணும் எண்டு வந்தது. சேவயரில பிழையோ?"

போதகர் ஐயா பக்கத்தில் கோப்பையுடன் நின்றார். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். உள்ளே போனதும் எட்டாம், ஒன்பதாம் வசனங்களைத் திரும்ப வாசித்தார். "கற்பனை வந்தபோது பாவம் உயிர்கொண்டது." கற்பனை என்றால் இங்கே கட்டளை. உடனே பன்னிரண்டாம் வசனம்: நியாயப்பிரமாணம் பரிசுத்தமுள்ளதுதான். விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. கட்டளை இச்சையை உண்டாக்கவில்லை, கட்டளையைப் பிடித்துக்கொண்டு இச்சை எழும்புகிறது, ஆனாலும் பிழை கட்டளையில் இல்லை. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் விளங்கப்படுத்த உரைநூல்கள் பக்கம் பக்கமாய் எழுதுகின்றன. எங்களுக்கு ஒரு மாமரத்தோடு முடிந்தது. பிளான் பிழையென்று யாரும் வழக்குப் போடமுடியாது. பிளானைக் கிழித்துப்போட்டாலும் ஐயா காய் எண்ணுவது நிற்காது.

எனக்கும் ஒரு மரம் உண்டு. அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன்.

மெச்ச வேண்டிய வகுப்பு பதினான்காம் வசனத்திலிருந்து கடைசி வரை படித்த பின்னேரம். "விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று சொல்கிற அந்த "நான்" யார்? ஏழு முதல் பதின்மூன்று வரை இறந்தகாலத்தில் பேசியவர் பதினான்கில் நிகழ்காலத்துக்கு மாறுகிறார். விசுவாசியான பவுல் தன்னுடைய அன்றைய நிலையைச் சொல்கிறாரா? விசுவாசத்துக்கு முந்திய யூதனின் நிலையா? இன்னொருவன் குரலில் பேசிக் காட்டுகிறாரா? ஐயா கரும்பலகையில் பெயர்களை எழுதி ஒவ்வொருவராய் எடுத்தார்.

ஒரிகேன் முதலான பழைய கிரேக்கப் பிதாக்கள், பவுல் வேறொரு ஆளின் குரலை எடுத்துப் பேசுகிறார் என்று வாசித்தார்கள். அகுஸ்தீன் முதலில் இது நியாயப்பிரமாணத்துக்குக் கீழ் இருக்கிற மனிதன் என்றார். பிற்பாடு, மனிதன் தன் மனவுறுதியால் கட்டளைகளைக் கைக்கொள்ள முடியும் என்ற பெலாகியரோடு வாதம் முற்றிய காலத்தில், இல்லை, இது பவுலேதான், கிருபைக்குள் இருக்கிறவனும் இப்படித்தான் முனகுகிறான் என்று மாறினார். 1515, 1516ல் ரோமர் நிருபத்தை விரிவுரை செய்த சீர்திருத்தவாதி லூத்தர் அந்தப் பிந்திய அகுஸ்தீனின் பக்கம். விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்பது அவருடைய வாதம். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி மறுபக்கம். இது கட்டளையால் குத்துண்டு விழித்தவன், இன்னும் விடுதலை காணாதவன் என்றார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1738 மே 24ஆம் திகதி லண்டன் ஆல்டர்ஸ்கேற் வீதியில் வெஸ்லியின் நெஞ்சு அனல்கொண்டது லூத்தர் ரோமருக்கு எழுதிய முகவுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுத்தான். முகவுரையில் நெஞ்சு சூடானவர் ஏழாம் அதிகாரத்தில் லூத்தரைக் கைவிட்டுவிட்டார்.

1814ல் இங்கே வந்திறங்கிய மெதடிஸ்த மிஷனரிகளின் வழியில் வந்தவர் என்பதால் ஐயாவுக்கு வெஸ்லியின் பக்கம் சாய்வு. மறைக்கவில்லை. அவருடைய நியாயம் இரண்டு. ஆறாம் அதிகாரத்தில் பாவத்தினின்று விடுதலையானவர்கள் என்று சொன்ன அதே பவுல், ஏழில் "பாவத்துக்குக் கீழாக விற்கப்பட்டு" இருக்கிறேன் என்று விசுவாசியாய்ச் சொல்லமுடியாது. இரண்டாவது, பதினான்கு முதல் இருபத்தைந்து வரை பரிசுத்த ஆவியானவர் பேச்சே இல்லை, எட்டில் எங்கு பார்த்தாலும் அவர்தான். பலமான நியாயம். நான் இன்னும் மறுபக்கம்தான் நிற்கிறேன். உள்ளான மனுஷனில் தேவனுடைய பிரமாணத்தின்மேல் பிரியமாயிருக்கிறேன் என்று இருபத்திரண்டாம் வசனத்தில் சொல்கிறவன் வெளியாளாய் இருக்கமுடியாது. கட்டளை மீது பிரியம் இல்லாதவனுக்குப் போராட்டமே இல்லை, பிடிபட்டால் கவலை, அவ்வளவுதான். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வகையும் வருகிறது, வித்தியாசம் முகத்தில் தெரியும். கலாத்தியர் ஐந்தாம் அதிகாரத்திலும் மாம்சமும் ஆவியும் ஒன்றுக்கொன்று விரோதமாய் நிற்பது விசுவாசிகளுக்குள்ளேதான்.

பின்வரிசையில் இருந்த ஒரு பல்கலைக்கழகத் தங்கச்சி எழும்பி, பிலிப்பியர் மூன்றாம் அதிகாரத்தில் நியாயப்பிரமாணத்தின் நீதியின்படி தான் குற்றஞ்சாட்டப்படாதவன் என்று பவுலே சொல்கிறாரே, அப்படியானால் அவருக்கு எங்கே மனக்குத்தல் என்று கேட்டா. நல்ல கேள்வி. சுவீடன் நாட்டு லூத்தரன் அறிஞர் கிறிஸ்ரர் ஸ்ரெண்டால் 1963ல் இதையே எழுதி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பினார் என்று ஐயா சொன்னார். அகுஸ்தீனும் லூத்தரும் தங்கள் மனச்சாட்சிச் சுமையைப் பவுலின் தலையில் ஏற்றிவிட்டார்கள், பவுலின் கவலை யூதரும் புறஜாதியாரும் எப்படி ஒரே குடும்பமாவது என்பதே என்பது ஸ்ரெண்டாலின் பக்கம். தங்கச்சி சமாதானமாகவில்லை. அதுவும் நல்லதுதான். கேள்வி கேட்டவரைப் பேசவிட்டு, குறுக்கே விழாமல் நின்ற போதகரை நான் மெச்சுகிறேன். எங்கள் பக்கத்தில் கேள்வி கேட்கிற பெண்பிள்ளைக்கு "ஜெபம் பண்ணுங்கோ" என்ற பதில்தான் வழமை.

ஒரு கிழமை கத்தோலிக்க சுவாமி ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வகுப்பு குறுகியது, ஆனால் கூர்மையானது. திருமுழுக்குக்குப் பிறகும் மனிதனிடம் தங்கிநிற்கிற இச்சைச் சார்பு பாவமா? 1546ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் சொன்னது: அது பாவத்திலிருந்து வந்தது, பாவத்துக்கு இழுக்கிறது, ஆனால் சம்மதம் கொடுக்காதவரை அதுவே பாவமல்ல. சீர்திருத்தச் சபையார் சொன்னது: அந்த இழுப்பே பாவம்தான், ஆனால் கிறிஸ்துவுக்குள் அது கணக்கிடப்படுவதில்லை. நான் பக்கத்தில் இருந்த மாமர ஐயாவைப் பார்த்தேன். காய் எண்ணுகிறவருக்கு இது ஏட்டு விவாதம் இல்லை. சுவாமியின் கணக்கில் பிடுங்காதவரை அவர் போராளி. லூத்தரின் கணக்கில் அவர் ஒவ்வொரு இரவும் பாவி, ஒவ்வொரு இரவும் மன்னிக்கப்பட்டவர். எது ஆறுதல் என்று ஐயாவிடம் கேட்டேன். "ரெண்டாவது கொஞ்சம் பயமாக் கிடக்கு, ஆனா அதுதான் உண்மை மாதிரிக் கிடக்கு" என்றார்.

அன்று விறாந்தையில் ஒரு கத்தோலிக்க அண்ணை எங்களைப் பார்த்துப் பகிடி விட்டார்: "எங்களுக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கு. போய் முழந்தாளில நிண்டு சொல்லிப்போட்டு வரலாம். நீங்கள் எங்க போய்ச் சொல்லுவியள்?" பகிடிதான், ஆனால் பதில் வரவில்லை. நேராய்த் தேவனிடம் சொல்லலாம் என்று எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் சொன்னார். ஓம், சொல்லலாம். ஆனால் யாக்கோபு ஐந்தாம் அதிகாரம் உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறதே? அந்த "ஒருவருக்கொருவர்" எங்கள் சபைகளில் எங்கே நடக்கிறது? ஞாயிறு ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில் பாவ அறிக்கை வாசிக்கிறோம், அதில் யாருடைய மாமரமும் இல்லை. இந்த வகுப்பை ஒழுங்குபடுத்தியவர்கள் யோசிக்கவேண்டிய இடம் இதுதான். வட்டக்கதிரைக்குப் பதில் இரண்டு இரண்டு பேராய், வேறு வேறு ஊர்க்காரரைச் சேர்த்து விடலாம். இல்லையென்றால் தேத்தண்ணி நேரத்தையாவது நீட்டலாம்.

இன்னொரு சங்கதியும் சொல்லவேண்டும். வகுப்புக்கு ஒரு சைவக்காரரும் வந்தார், மனைவி எங்கள் சபை. ஒருநாள் அவர் எழும்பி, நீங்கள் பாவம் என்று சொல்வதைத்தானே நாங்கள் ஆணவம் என்கிறோம் என்றார். யாழ்ப்பாணத்தில் வகுப்பு வைத்தால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது, ஐயா அதற்கு ஆயத்தமாய்த்தான் இருந்தார். செம்பில் களிம்பு போல ஆணவம் என்கிற மலம் உயிரோடு அநாதியாய் இருக்கிறது என்பது சைவ சித்தாந்தம். முத்தியிலும் அது ஒழிவதில்லை, அதன் வலி ஒடுங்குகிறது. பவுலிடம் பாவம் அநாதி அல்ல, ஒரு வாசலால் உள்ளே வந்தது. ஐந்தாம் அதிகாரம் ஆதாமைச் சொல்வது அதற்காகத்தான். உள்ளே வந்தது என்றால் படைப்பில் இருந்த பிழை அல்ல, ஆகவே வெளியேற்றப்படலாம் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால் தன் பலத்தால் விடுபட முடியாது, அருள் வேண்டும் என்ற இடத்தில் இரண்டு பேரும் கிட்டவே நிற்கிறார்கள் என்று ஐயா ஒத்துக்கொண்டார். யாழ்ப்பாண ஆதீனத்தின் பேராயராய் இருந்த சபாபதி குலேந்திரன் கிருபையையும் இந்து சமயங்களின் அருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆராய்ந்தவர் என்பதையும் நினைவுபடுத்தினார். சைவக்கார அண்ணை கடைசி வகுப்பு வரை வந்தார். வாதத்தில் யாரும் வெல்லவில்லை, யாரும் முகம் சுளிக்கவுமில்லை.

குறைகளுக்கு வருகிறேன். மிகப் பெரிய குறை வகுப்பை அதிகாரக் கணக்கில் வெட்டியது. ஏழாம் அதிகாரத்தின் முடிவோடு ஒரு செவ்வாய் முடிந்தது. "நிர்ப்பந்தமான மனுஷன் நான்! இந்த மரண சரீரத்தினின்று யார் என்னை விடுதலையாக்குவார்?" என்று வாசித்து, அடுத்த வசனத்தில் ஒரு ஸ்தோத்திரம் சொல்லி, அதற்குள்ளும் திரும்ப மனது ஒரு பக்கம் மாம்சம் ஒரு பக்கம் என்று பிளந்த நிலையில் நிறுத்தி, ஜெபம் பண்ணி அனுப்பிவிட்டார்கள். எட்டாம் அதிகாரத்தின் முதல் வரி, கிறிஸ்துவுக்குள் இருக்கிறவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்கிற வரி, அடுத்த கிழமைக்கு! பவுல் அதிகாரம் போட்டு எழுதவில்லை. தெர்தியு ஒரே மூச்சில் எழுதிக்கொண்டு போயிருப்பார். இன்று நாங்கள் வைத்திருக்கிற அதிகாரப் பிரிவு பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஸ்தேவான் லாங்டன் போட்டது என்று சொல்லப்படுகிறது. வசன இலக்கம் 1551ல் றொபேர் எஸ்தியேன் அச்சில் சேர்த்தது. அவர்கள் வசதிக்குப் போட்ட கோட்டுக்காக யாழ்ப்பாணத்தில் சனத்தை ஒரு கிழமை ஆக்கினைத்தீர்ப்பில் நிறுத்தி வைப்பது நியாயமில்லை. தீர்ப்பை வாசிக்காமல் தவணை போடுகிற மாதிரி இருந்தது. மாமர ஐயா அடுத்த கிழமை வரவில்லை, தோட்டத்தில் வெங்காயம் கிண்டுகிற நேரம். ஆகையால் அவருக்கு எட்டாம் அதிகாரத்தின் தொடக்கம் கிடைக்கவே இல்லை. என் கொப்பியைப் போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தேன். அது வாசித்துக் கேட்பது போல வருமா?

எட்டாம் அதிகாரமும் ஓட்டமாய் ஓடியது. லெந்து முடியப்போகிறது என்ற அவசரம். ஏழின் போராட்டத்துக்கு அத்தனை நேரம் கொடுத்துவிட்டு, ஆவியானவர் எங்கள் பலவீனத்தில் உதவி செய்கிற இடத்தை அரை மணித்தியாலத்தில் முடித்தது எனக்கு மனக்குறை. நியாயப்பிரமாணத்துக்கு விசுவாசியின் வாழ்க்கையில் இனி என்ன வேலை என்பதும் தொடாமலே போயிற்று. அது குற்றத்தைக் காட்டும், அக்கிரமத்தை அடக்கும், விசுவாசிக்கு வழியும் காட்டும் என்று மூன்று உபயோகம் சொல்லி, மூன்றாவதே பிரதானம் என்றவர் இன்னொரு சீர்திருத்தவாதியான கல்வின். அமெரிக்க மிஷன் 1816ல் வந்து விதைத்த எங்கள் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டைச் சபைகளின் வேரில் அந்தப் பாரம்பரியம் இருக்கிறது. மெதடிஸ்த ஐயாவிடம் அதை எதிர்பார்த்தது என் பேராசையாகவும் இருக்கலாம்.

சின்னக் குறைகள்: போட்டோக்கொப்பி மங்கல், மூன்றாம் தாளுக்குப் பிறகு கிரேக்கப் பெயர்களெல்லாம் கறுப்புப் புள்ளி. மின்விசிறி ஒன்று கடகடக்கிறது. தேத்தண்ணிக்குச் சீனி முன்னமே போட்டுவிடுகிறார்கள், எங்கள் வயதுக்காரருக்கு அது சரிவராது. பணிஸ் நல்ல பணிஸ்.

நான் முன்பு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து இணையத்தில் நடந்த ஒரு வகுப்பிலும் சேர்ந்திருந்தேன். பாவத்தை வெல்வதற்கு ஏழு படிகள் என்ற மாதிரி. படிகள் வடிவாய் இருந்தன. ஏறுகிறவன் எப்படி ஒவ்வொரு தடவையும் அதே படியில் வழுக்குகிறான் என்பதற்கு அங்கே பதில் இல்லை. இந்த வகுப்பு படி எதுவும் தரவில்லை, ஆனால் வழுக்குகிறவனைத் தனியாள் என்று நினைக்கவிடவில்லை. அதுக்காகவே ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். விறாந்தையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் நாலரை.

உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு கலாத்தியர் வகுப்புத் தொடங்குகிறது, அதே மண்டபம், அதே செவ்வாய். பெயர் கொடுக்கிற கொப்பி மண்டபக் காவலாளி அண்ணையிடம் இருக்கிறது. ஐந்து மணி என்று போட்டிருந்தாலும் ஐந்தே காலுக்குத்தான் தொடங்கும், ஆனால் வாசிப்பைத் தவறவிடாதீர்கள், முன்னமே போங்கள். பழைய திருப்புதலோடு பென்சிலும் கொண்டுபோங்கள், பேனை வேண்டாம், ஐயா கோடுகளை அழித்துத் திரும்பப் போடச் சொல்லுவார். கதிரை எடுக்கும்போது வலப்பக்க யன்னலோரம் எடுங்கள், கடகடக்கிற மின்விசிறி இடப்பக்கம். சீனி வேண்டாதவர்கள் தேத்தண்ணி ஊற்ற முன்னமே குசினி வாசலில் போய்ச் சொல்லிவிட வேண்டும்.